கடன் கொடுத்தவள் தாயாவாளோ?

ஒரு பிள்ளைக்கு இரு தாயர் உரிமை கோரி வழக்குமன்றம் ஏறிய கதையை, மரியாதை ராமன் பெயரால் நம் பாட்டியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கில மொழியின் பிறப்பைப் பற்றி அண்மையில் எழுந்த நூல்களைக் காணும்போது அக்கதைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே வழக்காடுவோர் இருவரல்லர், மூவர்.

2014-ஆம் ஆண்டில் ஜோசப் எமாண்ட்ஸ், யான் தெர்யே ஃபார்லுண்ட் என்னும் மொழியறிஞர் இருவர், 'ஆங்கிலம்: வைக்கிங்குகளின் மொழி' என்று பெயரிட்டு ஒரு நூல் வெளியிட்டனர். பழைய ஆங்கிலம் மாண்டு மறைந்தது. இன்று ஆங்கிலம் என்று வழங்குவது வடபுலத்து நார்ஸ் மொழியின் வழித்தோன்றலே என்பது அவர்கள் வாதம். பத்தாண்டு கழிந்து, 2024-இல், பெர்னார் செர்கிலீனி என்னும் பிரெஞ்சு மொழியறிஞர் இன்னும் ஒரு படி மேலே ஏறினார். 'ஆங்கில மொழி என்று ஒன்று இல்லை. அது பிழைபட ஒலிக்கப்படும் பிரெஞ்சே' என்பது அவர் தம் நூலுக்கு இட்ட தலைப்பு. மூன்றாவது வழக்காளி நூல் எழுதுவதில்லை, வாதாடுவதுமில்லை. நம் வகுப்பறைகளிலும் வினா-விடைக் குறிப்பேடுகளிலும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். 'ஆங்கிலத்தின் தாய் இலத்தீன்' என்பது அவர் தீர்ப்பு. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அதுவே விடையென அச்சிட்டிருந்த குறிப்பேடு ஒன்றை நாமே கண்டோம். எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் உண்டு; மறுத்து எழுதுபவனுக்குச் சுழியம். ஆகவே இவ்வழக்கை, யாரோ மேல்நாட்டுப் புலவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் சொற்போர் என்று ஒதுக்கிவிட ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மால் இயலவில்லை.

பிரெஞ்சு வழக்கை முதலில் எடுத்துக் கொள்வோம். செர்கிலீனியின் தலைப்பு, பிரெஞ்சு நாட்டின் முதலமைச்சராயிருந்த கிளெமான்சோ சொன்னதாக வழங்கும் கேலியை ஒட்டியது. நூலும் பாதி விளையாட்டாகவே எழுதப்பட்டது. விளையாட்டு என்பதற்காக விட்டுவிடலாமோ எனின், விடலாகாது. அதற்குப் பின்னே நிற்கும் சான்றுகள் விளையாட்டல்ல.

1066-ஆம் ஆண்டு அக்டோபர் 14. ஹேஸ்டிங்ஸ் களத்தில் ஆங்கில மன்னன் ஹெரால்டு வீழ்ந்தான். நார்மண்டிப் பெருமகன் வில்லியம் முடி சூடினான். அன்று தொடங்கி முந்நூறு ஆண்டுக்காலம் அரண்மனையில் பிரெஞ்சு, ஆலயத்தில் இலத்தீன், அறமன்றத்தில் இவ்விரண்டும். ஆங்கிலம் எங்கே இருந்தது? உழவன் நாவில் இருந்தது, உலைக்களத்தில் இருந்தது, தாலாட்டில் இருந்தது. ஆள்வோர் மொழியிலிருந்து ஆளப்படுவோர் மொழிக்குச் சொற்கள் மழையெனப் பொழிந்தன. 'க்ரவுன்', 'கோர்ட்', 'ஜட்ஜ்', 'பிரிசன்', 'டாக்ஸ்', 'பார்லிமெண்ட்' ஆகிய அனைத்தும் பிரெஞ்சு வழி வந்தவை. ஆள்வதும் அடைப்பதும் வரி கறப்பதும் யார் கையில் இருந்தனவோ அவர் மொழியில்தானே அவற்றுக்குப் பெயரும் இருக்கும்! இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழப் பதினாயிரம் என்று ஆல்பர்ட் பா என்னும் அறிஞர் கணக்கிட்டார்.

1362-இல் ஒரு சட்டம் பிறந்தது. வழக்காட வரும் மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை. எனவே இனி மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடுக என்றது அச்சட்டம். அச்சட்டம் எழுதப்பட்ட மொழி யாது? பிரெஞ்சு! ஆங்கில நீதிமன்ற ஏடுகளினின்றும் அயல்மொழிகள் முற்றும் வெளியேறியது 1733-இல்தான். வெளியேறிற்று என்றா சொன்னோம்? இலண்டன் பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்துக்கு அரசர் இசைவு தந்தார் என்பதை இன்றளவும் அங்கே நார்மன் பிரெஞ்சில்தான் அறிவிக்கின்றனர். அவையினர் எவரும் வீட்டில் பேசாத மொழி அது. புரியாத மொழியில் சொன்னால்தான் புனிதம் என்னும் மயக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

எண்ணிக்கையும் பிரெஞ்சு வழக்குக்குத் துணை நிற்கிறது. 1973-இல் ஃபிங்கென்ஷ்டேட், வோல்ஃப் என்னும் இருவர் எண்பதாயிரம் சொற்கள் அடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு சிற்றகராதியைக் கணக்கிட்டனர். பிரெஞ்சு வழி வந்தவை நூற்றுக்கு 28; இலத்தீனிலிருந்து வந்தவை மற்றுமொரு 28; ஆங்கிலமும் அதன் செர்மானியச் சுற்றமும் தந்தவை 25. பிறந்த வீட்டுச் சீதனம் காற்பங்குதான். "பார்த்தீரா, பார்த்தீரா!" என்று கைகொட்டுகின்றனர் இலத்தீன் அன்பர்கள்.

பார்த்தோம். எண்ணியவர்கள் எதை எண்ணினார்கள் என்பதையும் சேர்த்தே பார்த்தோம். அகராதியில் 'தி' என்பது ஒரு சொல். ஆயுளில் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லுவோமா என்று ஐயுறத்தக்க 'ட்ரெபிடேஷன்' என்பதும் ஒரு சொல். அகராதி இரண்டுக்கும் ஒரே மதிப்புத் தருகிறது. வாய் அவ்வாறு தருவதில்லை. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் நூறு சொற்களைத் தொகுத்தால் மிகப் பெரும்பாலானவை பழைய ஆங்கிலச் சொற்களே. 'ஐ', 'யூ', 'இட்', 'ஆஃப்', 'இன்', 'அண்ட்', 'இஸ்', 'வாஸ்', 'நாட்' ஆகியவற்றை எந்தப் பிரெஞ்சுக்காரனும் கடன் கொடுக்கவில்லை. ஐயமிருப்போர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இலத்தீன், பிரெஞ்சுச் சொற்களை அறவே நீக்கி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத முடியும். சற்று முரடாக இருக்கும், ஆயினும் ஆங்கிலமாகவே இருக்கும். செர்மானியச் சொற்களை அறவே நீக்கி ஒரே ஒரு வாக்கியம் எழுதட்டும்! தலைவாசல் திறக்காது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. ஆங்கிலம் எண்ணற்ற இரவல் சேலைகளை உடுத்திப் பார்த்தது. இடுப்புத் துணியை மட்டும் எறியவில்லை.

இவ்விடத்தில் ஒரு பழங்கதையையும் உரசிப் பார்க்க வேண்டும். ஆடு மாடு உயிரோடு திரியும்போது 'ஷீப்', 'கௌ' என்று ஆங்கிலம் பேசும். அறுத்துச் சமைத்து மேசைக்கு வந்ததும் 'மட்டன்', 'பீஃப்' என்று பிரெஞ்சு பேசும். வளர்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்பார்கள். வால்டர் ஸ்காட் 1819-இல் 'ஐவன்ஹோ' புதினத்தில் ஒரு கோமாளியின் வாயால் இதைச் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். சுவையான கருத்து, பாதி உண்மையும்கூட. எனினும் இடைக்கால ஏடுகளில் மட்டன், பீஃப் என்னும் சொற்கள் உயிருள்ள ஆட்டையும் மாட்டையும் குறித்து வழங்கியுள்ளன. கோடு கிழித்தாற்போன்ற பிரிவினை பிற்காலச் சமையலறைகளில் தெளிந்தது. உவமை அழகாயிருப்பதாலேயே உண்மை ஆகிவிடாது என்பதற்கு இஃது ஒன்று.

சொற்களை எண்ணித் தாயைக் காண முடியாதெனின், எதைக் கொண்டு காண்பது? இங்கேதான் மொழிநூலாரின் உரைகல் வருகிறது. டென்மார்க்கின் ரஸ்க் 1818-இல் சுட்டிக்காட்ட, செர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கமாக நிறுவிய ஒலிநெறி அது. சிறுவர்க்கான கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். இலத்தீனில் சொல்முதலில் 'ப' நிற்குமிடத்தில் ஆங்கிலத்தில் 'ஃப' நிற்கிறது. இலத்தீன் 'பத்தெர்', ஆங்கிலம் 'ஃபாதர்'. 'பிஸ்கிஸ்' என்றால் 'ஃபிஷ்'. 'பேஸ்' என்றால் 'ஃபுட்'. இலத்தீனில் 'க' நிற்குமிடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ'. 'கொர்னு' – 'ஹார்ன்'. 'கோர்' – 'ஹார்ட்'. 'கென்தும்' – 'ஹண்ட்ரட்'. ஒன்றிரண்டு சொற்களில் நேர்ந்த தற்செயல் ஒப்புமையன்று இது. வரிசை வரிசையாக வரும் ஒழுங்கு.

அப்படியானால் இலத்தீனிலிருந்து வந்து இப்படித் திரிந்தன என்று கொள்ளலாகாதோ? கொள்ளலாகாது. ஏன் என்பதற்கு விடை ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபாதர்' உண்டு, 'பேட்டர்னல்' என்பதும் உண்டு. 'ஃபுட்' உண்டு, 'பெடல்' உண்டு. 'ஹார்ட்' உண்டு, 'கார்டியல்' உண்டு. ஒரே வீட்டில், ஒரே பொருளைச் சுற்றி, இரு வேறு ஒலிகள். மெய்யாகவே கடன் வாங்கிய சொல் எது என்று ஒலியே காட்டிக் கொடுக்கிறது. அந்த ஒலிமாற்றம் ஒரு சுங்கச்சாவடி. கிறித்துவ ஆண்டுக் கணக்குத் தொடங்கும் முன்னர்ச் செர்மானிய மொழிகளின் பொது முன்னோர் அச்சாவடியைக் கடந்தபோது, அவர் சுமந்துவந்த சொற்களெல்லாம் வரி கட்டின. 'ப' ஒலி 'ஃப' ஆயிற்று. பல நூற்றாண்டு கழித்து இலத்தீன் சொற்கள் வந்தபோது சாவடி மூடிக்கிடந்தது. வரி கட்டாமல் உள்ளே வந்தன. இலத்தீனின் மெய்யான மகள்மாரைப் பாருங்கள். இத்தாலியம் 'பாத்ரே' என்கிறது, பிரெஞ்சு 'பேர்' என்கிறது. தாயின் 'ப' மகள்மார் வாயில் அப்படியே நிற்கிறது. ஆங்கிலம் அவ்வீட்டுப் பெண்ணாயின், 'ஃபாதர்' எங்கிருந்து வந்தது? இலத்தீனும் ஆங்கிலமும் உறவே இல்லாதவை என்று நாம் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரு பழம்பாட்டி உண்டு. பெரியம்மை வீட்டாரைத் தாய் என்பதுதான் பிழை.

இந்த உரைகல்லுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1816-ஆம் ஆண்டில், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு வரைந்தார். தெலுங்கில் வடசொல் மலிந்திருப்பது கண்டு அதை வடமொழியின் மகள் என்றனர் அன்றைய அறிஞர். எல்லிஸ் சொற்குவியலை ஒதுக்கிவிட்டு வேர்களை எடுத்து வைத்தார்; தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். வழக்கு முடிந்தது. அதே 1816-இல்தான் செர்மனியில் ஃபிரான்ஸ் பொப் வினைமுற்று வடிவங்களை ஒப்பிட்டு இந்தோ-ஐரோப்பிய ஒப்பிலக்கணத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1856-இல் கால்டுவெல் மூவிடப் பெயர்களையும் எண்ணுப் பெயர்களையும் வினை அமைப்பையும் கொண்டு எல்லிசின் வழியைப் பெருவழியாக்கினார். கடன் வேறு, கருவழி வேறு என்னும் உண்மை ஆங்கிலத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இருக்க முடியாது. வேண்டுமானால் இப்படியும் கேட்கலாம். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று; 'சுருட்டு' 'செரூட்' ஆயிற்று; 'மிளகுத்தண்ணீர்' 'மல்லிகட்டானி' ஆகி வெள்ளையர் மேசையில் ஆவி பறக்க அமர்ந்தது. ஆகவே ஆங்கிலத்தின் தாய் தமிழ் என்று நாம் மார் தட்டலாமோ? தட்டினால் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும்.

சரி, ஆங்கிலத்தின் உண்மைச் சுற்றம் எங்கே வாழ்கிறது? வடகடலின் அக்கரையில். உரோமர் ஆட்சி பிரித்தானியத்தினின்றும் அகன்ற ஐந்தாம் நூற்றாண்டில், ஆங்கிலர், சாக்சனியர், சூட்டர் என்போர் கடல் கடந்து குடியேறினர் என்று 731-இல் தம் வரலாற்று நூலை முடித்த துறவி பீட் எழுதினார். ஆங்கிலர் புறப்பட்ட நிலப்பகுதி இன்றும் செர்மனியின் வடகோடியில் 'ஆங்கெல்ன்' என்ற பெயரோடு இருக்கிறது. 2022-இல் வெளிவந்த பழம்மரபணு ஆய்வொன்று, கிழக்கு இங்கிலாந்தின் பழங்கல்லறைகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அம்மக்களின் வழிமரபில் 76 விழுக்காடு வரை அக்கரையிலிருந்து வந்தது என்று கண்டது. பீட் சொன்னது வெறும் கட்டுக்கதையன்று. எனினும் இரத்தத்தைக் கொண்டு மொழியை நிறுவப் புகுவது வேறொரு படுகுழி. எலும்பு பேசாது, எவன் எலும்பும் அவன் என்ன மொழி பேசினான் என்று சொல்லாது.

வந்தவர்கள் முன்பிருந்த கெல்த்தியரை என்னவென்று அழைத்தார்கள் தெரியுமோ? 'வெல்ஷ்' என்று. அயலான் என்பது அதன் பொருள்! மண்ணின் மைந்தன் அயலானாகிவிட்டான், நேற்றுக் கரையேறியவன் வாயில். அவ்வயலார் தம்மைத் தாமே 'கும்ரி' என்றழைத்துக் கொள்கின்றனர். ஒருநாட்டவர் என்பது பொருள். அவர் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் மிகச் சில. ஆறுகள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரின் 'ஏவன்' ஆற்றுக்கு அப்பெயரின் பொருளே ஆறு என்பதுதான். வந்தவனுக்கு அது புரியவில்லை.

அக்கரைச் சுற்றத்தில் ஆங்கிலத்துக்கு அணுக்கமானது பிரீசிய மொழி. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி இன்னும் அணுக்கம் எனினும் அது கூடப்பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரீசியம் பேசுகின்றனர். அங்கே அது ஆட்சிமொழியும் ஆகும். செர்மானியர் 'உன்ஸ்' என்பர், டச்சுக்காரர் 'ஒன்ஸ்' என்பர். பிரீசியர் 'ஊஸ்' என்பர், ஆங்கிலேயர் 'அஸ்' என்பர். இடையிலிருந்த மெல்லொலி மற்ற இருவரிடம் தங்கிற்று. இந்த இருவரிடம் சேர்ந்தே மறைந்தது. பாற்கட்டியைச் செர்மானியர் 'கேஸ' என்கின்றனர், டச்சுக்காரர் 'காஸ்' என்கின்றனர். ஆங்கிலேயர் 'சீஸ்', பிரீசியர் 'சிஸ்'. ஆலயம் செர்மனியில் 'கிர்ஹ', டச்சில் 'கெர்க்'. ஆங்கிலத்தில் 'சர்ச்', பிரீசியத்தில் 'செர்க்க'. ஈதில் ஒரு வேடிக்கை. 'சீஸ்' இலத்தீனிலிருந்தும் 'சர்ச்' கிரேக்கத்திலிருந்தும் மிகப் பழங்காலத்தில் பெற்ற கடன்கள். கடன் சொல்லே ஆயினும், இரு மொழிகளின் முன்னோர் அண்டை வீட்டில் வாழ்ந்த நாளில் அதன் 'க' ஒலியை ஒன்றுபோல் திரித்தனர். அத்திரிபு உறவுக்குச் சான்றாகிறது. வாங்கிய பொருள் அன்று, வாங்கியதைச் செதுக்கிய கை வீட்டைக் காட்டுகிறது.

இலக்கணத்துக்கு வாருங்கள். 'சிங் – சாங் – சங்' என்று ஆங்கிலச் சிறுவன் உருப்போடுகிறான். நம் சிறுவனும் முதுகு வலிக்க உருப்போடுகிறான். செர்மன் சிறுவனோ 'ஸிங்கென் – ஸாங் – கெஸுங்கென்' என்கிறான். அடி நடுவில் உயிரொலி மாறிக் காலம் காட்டும் இவ்வழக்கம் குடும்பச் சொத்து. 'குட் – பெட்டர் – பெஸ்ட்' என்னும் முரண்டுகூடச் செர்மனில் 'கூட் – பெஸர் – பெஸ்ட்' என்று அப்படியே உண்டு. பன்மை காட்டும் 'ஸ்' பிரெஞ்சு கொடுத்தது என்பாரும் உளர். நார்மன் கால் வைக்குமுன்னரே 'ஸ்தான்' என்னும் கல்லுக்குப் பன்மை 'ஸ்தானாஸ்' என்று பழைய ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சு நடைப்படி பெயருக்குப் பின்னே அடை வருவது 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷல்' போன்ற சில அலுவலகச் சொற்களோடு நின்றது. முந்நூறு ஆண்டு ஆண்டும் சமையற்கட்டின் வாயிற்படியை அம்மொழி தாண்டவில்லை.

இனி வைக்கிங்கு வழக்கு. இவர்கள் செர்கிலீனியைப் போன்று சொல்லெண்ணிகள் அல்லர். சொல் கடனாக வரலாம், தொடரமைப்பே குருதி என்று சரியான இடத்தில் நின்றே வாதாடுகின்றனர். அதற்காக நாம் அவர்களை மதிக்கிறோம். செர்மானியன் 'நான் கொண்டுளேன் அந்நூலைப் படித்து' என்னும் முறையில் வினையைக் கடைசிக்குத் தள்ளுகிறான். ஆங்கிலேயனும் நார்வேக்காரனும் வினையை முன்னே வைத்து நூலைப் பின்னே வைக்கின்றனர். இத்தகைய ஒப்புமைகள் பல காட்டினர். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் குடியேறி ஆண்டதும், அவர் வழி 'ஸ்கை', 'எக்', 'நைஃப்', 'டேக்', 'லா' போன்ற அன்றாடச் சொற்கள் புகுந்ததும் மறுக்கவொண்ணாதவை. 'விண்டோ' என்பதும் அவர் சொல்லே. காற்றின் கண் என்று பொருள். காற்று வரும் வழியைக் 'காலதர்' என்ற நம் முன்னோர் இதைக் கேட்டால் மகிழ்வர். 'தே', 'தெம்' என்னும் படர்க்கைப் பெயர்களும் அவர் கொடையே. மூவிடப்பெயர் வரை கடன் பெறுவது அருநிகழ்ச்சி.

1490-இல் வில்லியம் காக்ஸ்டன், ஆங்கில நாட்டின் முதல் அச்சர், ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்தார். கடல் காற்றுக்காகக் காத்திருந்த வணிகன் ஒருவன், தேம்சுக் கரையோர வீட்டில் உண்பதற்கு 'எக்ஸ்' வேண்டும் என்றான். வீட்டுப் பெண், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். அவனுக்குச் சினம்; அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது! உடனிருந்த ஒருவன் 'ஐரன்' வேண்டும் என்ற பின்னரே முட்டை என்று அவளுக்கு விளங்கிற்று. நார்ஸ் வழிவந்த வடக்குச் சொல்லைத் தெற்குப் பெண் பிரெஞ்சு என்று எண்ணினாள். இன்று அவளுடைய 'ஐரன்' மாண்டது. அவன் 'எக்' வாழ்கிறது.

இருந்தும் வைக்கிங்கு வழக்கு தோற்கிறது. தோற்கடிப்பது மீண்டும் ஒலியே. நார்ஸ் மொழி, சில இடங்களில் சொல்முதல் 'வ' ஒலியையும் 'ய' ஒலியையும் உதிர்த்தது. ஓநாய் அதில் 'உல்ஃப்ர்', புழு 'ஓர்ம்ர்', ஆண்டு 'ஆர்', இளையது 'உங்ர்'. ஆங்கிலமோ 'வுல்ஃப்', 'வோர்ம்', 'இயர்', 'யங்' என்கிறது. செர்மனும் 'வோல்ஃப்', 'வுர்ம்', 'யார்', 'யுங்' என்கிறது. நார்சின் மகளாயின், தாய் தொலைத்த ஒலியை மகள் எந்தக் கிணற்றில் தூர்வாரி எடுத்தாள்? மற்றொன்று: வடபுல மொழிகளில் 'அந்த' என்னும் சுட்டுருபு பெயரின் வாலில் ஒட்டும், நார்வேயில் 'ஹூஸ்' வீடு, 'ஹூசெ' அந்த வீடு. ஆங்கிலம் அவ்வாலை ஒருநாளும் ஏற்கவில்லை. படர்க்கைப் பெயர்கள் வந்த விதத்தையும் காண்க. 1400-இல் மறைந்த சாசர் 'தே' என்று எழுதுகிறார். 'தெம்' என்னும் இடத்தில் பழைய 'ஹெம்' என்றே எழுதுகிறார். ஒன்றன்பின் ஒன்றாக, நூற்றாண்டுக் கணக்கில், தயங்கித் தயங்கி வந்தன. தாய்ப்பால் இப்படித் தவணையில் வருமோ? கடன்தான் தவணையில் வரும். 2016-இல் கிறிஸ்டின் பெக், ஜார்ஜ் வால்க்டன் என்போர் இந்நூலின் தொடரியல் வாதங்களை வரிசையாக எடுத்துப் பகுத்து, ஆங்கிலம் இன்னும் மேலைச் செர்மானிய மொழியே என்று நிறுவினர். அண்டை வீட்டாரோடு நெருங்கிப் பழகியதால் பேச்சும் நடையும் ஒத்துப்போயின, தொட்டில் மாறவில்லை.

இவ்வளவும் எதற்கு? தாய் யாரென்று தவறாக எண்ணியதால் ஆங்கிலத்துக்கே நேர்ந்த துன்பத்தை எண்ணியே எழுதுகிறோம். ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் எழுதிய வில்லியம் புல்லோகர், 1586-இல், இலத்தீனைப் போன்றே ஆங்கிலத்துக்கும் இலக்கணம் உண்டு என்று காட்ட இலத்தீன் இலக்கண அச்சிலேயே அதை வார்த்தார். 1653-இல் ஜான் வாலிஸ், முன்னோர் ஆங்கிலத்தை இலத்தீன் சட்டையில் திணித்தனர் என்று கடிந்தார். நல்ல கடிதல், ஆனால் அந்நூலை அவர் எழுதியது இலத்தீனில்! கவிஞர் டிரைடன், தம் ஆங்கிலம் சரிதானா என்று ஐயம் தோன்றினால் இலத்தீனில் பெயர்த்துப் பார்த்ததாகத் தாமே எழுதினார். 1672-இல் அவர், வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் நிற்பதைக் குற்றம் என்றார். இலத்தீனில் அது நிற்காதன்றோ! பின்னர்த் தம் பழைய கட்டுரையை மறுபதிப்பிட்டபோது அத்தகைய வாக்கியங்களைத் தேடித்தேடித் திருத்தினார். இன்றும் பள்ளிகளில் சிவப்பு மை அவ்விடத்தில் சுழிக்கிறது. ஆங்கிலமும் டேனியமும் பிரீசியமும் பேசுவோர் தாத்தன் காலந்தொட்டு இயல்பாகச் சொல்லிவரும் தொடர் அது. 'இட் இஸ் மீ' என்று ஆங்கிலக் குழந்தை சொல்லும். 'இட் இஸ் ஐ' என்று நம் மாணவன் எழுதவேண்டும். யாருடைய மொழிக்கு யாருடைய சட்டம்?

எதிர்க்குரல் எழாமலில்லை. கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த ஜான் சீக், தாய்மொழியைக் கலப்பின்றி எழுதவேண்டும் என்று 1557-இல் மடல் வரைந்தார். விவிலியத்தை மொழிபெயர்த்தபோது 'செஞ்சூரியன்' என்பதை 'ஹண்ட்ரடர்' என்றும், 'லூனட்டிக்' என்பதை 'மூண்ட்' என்றும் ஆக்கினார். 1573-இல் ரால்ஃப் லீவர் தருக்கநூல் எழுதி, தருக்கத்துக்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயரிட்டார். 1878-இல் டார்செட் வட்டாரப் பாவலரும் முன்னாள் பள்ளியாசிரியருமான வில்லியம் பார்ன்ஸ், இலக்கணத்துக்கு 'ஸ்பீச்கிராஃப்ட்', செடிநூலுக்கு 'வோர்ட்லோர்', ஆம்னிபசுக்கு 'ஃபோக்வெயின்' என்றார். அறிஞர் நகைத்தனர். அச்சொற்கள் நிலைக்கவில்லை. நகைத்தவர்கள் நகைத்ததற்குக் காரணம் அவை பொருள் விளங்காதவை என்பதன்று. விளங்கிவிட்டன என்பதுதான்! ஏர் உழுபவனுக்கும் விளங்கும் சொல் எப்படி அறிவியற் சொல்லாக முடியும் என்று எண்ணினர்.

ஆயினும் ஒரு சொல் பிழைத்தது. 1846-இல் வில்லியம் தாம்ஸ் என்பவர், பொதுமக்கள் வழக்காறுகளை 'பாப்புலர் ஆண்டிக்விட்டீஸ்' என்னும் இலத்தீன் பெயரால் அழைக்க மனமின்றி, 'ஃபோக்', 'லோர்' என்னும் இரு பழஞ்சொற்களை இணைத்து 'ஃபோக்லோர்' என்று ஓர் இதழுக்கு எழுதினார். அச்சொல் நாடு பிடித்தது, கடல் தாண்டியது, இன்று பிரெஞ்சு அகராதியிலும் 'ஃபொல்க்லோர்' என்று அமர்ந்திருக்கிறது. செர்கிலீனியார் தம் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் போனால், வேறு யாரேனும் அதை எடுத்து, பிழைபட ஒலிக்கப்படும் ஆங்கிலமே பிரெஞ்சு என்று ஒரு நூலுக்குத் தலைப்பிடக் கூடும்.